தலை காடாகியிருக்கும், வா

சவுசவு டவுன்,
செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அன்பு மகள் வாசெமதாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே நானும் பூனையும் சுகம், கடையில் மூன்று நாற்காலிகளும் சுகம், உட்கார ஆளில்லாததால் அவை நன்றாக ஓய்வெடுக்கின்றன. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், பிரிஸ்பேனில் இப்போது குளிர் என்று கேள்விப்பட்டேன், காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். அந்தப் போனைத் தொடவே எனக்குப் பயமாகிவிட்டது, ஏன் என்று கீழே வருகிறது, சிரிக்காமல் படி. பிழை திருத்தவும் வேண்டாம், நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட அதன் மாமரத்தில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக முடி வெட்டும் கடை திறந்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, உள்ளே குளிர்காற்று, தலை கழுவ ஆளையே படுக்கவைக்கும் நாற்காலி, வாசலில் பலூன் எல்லாம் உண்டு. அது திறந்த கொஞ்ச நாளில் வுனிதோகா ஊர்க்காரர்கள் ஒருத்தர்கூட என் படி ஏறவில்லை. நம் கடைக்கு வரும் தலைகளில் முக்கால்வாசி அந்த ஊர்த் தலைகள்தான் என்று உனக்கே தெரியும். காலை பஸ்ஸில் மரவள்ளி மூட்டையோடு இறங்குவார்கள், மூட்டையை என் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்து வம்பளப்பார்கள், வெட்ட வேண்டியவர் ஒருத்தர் என்றால் வேடிக்கை பார்க்க நாலு பேர். அவர்கள் வராமல் கத்திரிக்கோலுக்கு வேலை இல்லாததுகூடப் பரவாயில்லை, என் வாய்க்கு வேலை இல்லை. ஒருநாள் பூனையை நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தி, என்னங்க மேடம் ஓரம் மட்டும் வெட்டவா என்று கேட்டேன், அது இறங்கி எதிர்க்கடைப் பக்கம் போய்விட்டது. சிரித்தேன், ஆனால் கூடச் சிரிக்க ஆளில்லாவிட்டால் சிரிப்பு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

அப்போதுதான் நீ போன தடவை வந்தபோது போனில் ஏற்றிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. வாடிக்கைக்காரர் பேரெல்லாம் அதில் இருக்கும், ரொம்ப நாள் வராதவர்களை அதுவே காட்டும், ஒரு அமுக்கு அமுக்கினால் எல்லாருக்கும் செய்தி போகும், வந்த ஆளை விடாமல் வைத்துக்கொள்ள அங்கே எல்லாக் கடையிலும் இதுதான் செய்கிறார்கள் என்றாயே. நீ எழுதிவைத்த செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரி இருந்தது, அதை அழித்துவிட்டு நானே எழுதினேன், தலை காடாகியிருக்கும், உள்ளே பன்றி குட்டி போட்டிருக்கும், என் கத்திரிக்கோல் பசியோடு இருக்கிறது, வா என்று. அமுக்கிவிட்டு நாள் முழுக்க வாசலையே பார்த்திருந்தேன். வுனிதோகாவிலிருந்து ஒரு பதில் இல்லை. என் அப்பா ஊருக்கும் வுனிதோகாவுக்கும் கேலிமுறை, தாத்தன் காலத்திலிருந்தே ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் என் கேலிக்குப் பதில் கேலி போடாமல் இருந்ததே இல்லை. சரி, குளிர்காற்று வாயையும் உறையவைத்துவிட்டது போல என்று வைதுகொண்டு கடையைச் சாத்தினேன்.

மறுநாள் பஸ் ஓட்டும் எரோனி உள்ளே வந்தான், அவனும் வுனிதோகாதான். தலையும் தாடியும் புதர் மாதிரி. எனக்கு வந்த சந்தோஷத்தில் துணியை உதறி அவன் மேல் போட்டுத் துலோ என்று சொல்லிக் கையைத் தூக்கினேன். நான் யார் தலையானாலும் துலோ சொல்லி மன்னிப்புக் கேட்காமல் விரல் வைத்தது உண்டா, குழந்தை தலைக்கும் சொல்லுவேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்டிக்க வரல மச்சினி, எங்க ஊர்த் தலைவரு போயிட்டாரு, நூறாம் ராத்திரி கழியறவரைக்கும் ஊருல ஒருத்தரும் தலையில கத்தி வைக்க மாட்டோம், உனக்கா இது தெரியாது, பாயில உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம், எல்லார் போனும் ஒரே நேரத்துல கத்துது, எடுத்துப் பார்த்தா பன்னிக்குட்டி என்றான்.

எனக்கு எப்படித் தெரியும் சொல். சாவோ கல்யாணமோ யார் யாரோடு ஓடினாலும், இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் வாயால்தான் எனக்கு வரும். அவர்கள் வரவில்லை, அதனால் அவர்கள் ஏன் வரவில்லை என்பதும் வரவில்லை. நீ இங்கே இருந்த வரையில் ரேடியோவாவது பாடிக்கொண்டிருக்கும், இப்போது நான் அதையும் போடுவதில்லை. துலோ சொல்லத் தெரியாத அந்தப் போன் ஒரு ஊரின் தலைகளிலெல்லாம் கை வைத்துவிட்டது, வைத்தது என் கை. இனி அவர்கள் ஒருநாளும் வரமாட்டார்கள், சந்தையில் என்னைப் பார்த்தால் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்து என் சோற்றையும் பூனைக்கே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, சந்தையில் மன்னிப்புக்கு வைக்க நல்ல யங்கோனா வேராகப் பார்த்து ஒரு கட்டு வாங்கிக்கொண்டு எரோனி பஸ்ஸிலேயே போனேன். வழியெல்லாம் என்னைக் கேலி பண்ணாமல் வந்தான், அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது. துக்க வீட்டில் வாசலோரம் உட்கார்ந்து வேரை முன்னால் வைத்து, நான் செய்தது தப்பு, அறியாமல் செய்தேன் என்றேன். இறந்தவருடைய தம்பி வேரைப் பார்த்தபடி இருந்தார், தொடவில்லை, தொட்டால்தானே மன்னித்ததாக அர்த்தம். அப்போது மூலையிலிருந்து தலைவர் மனைவி, அது என்ன எழுதியிருந்தே, வாசி, நான் கண்ணாடி இல்லாம பார்க்கலை என்றார். அத்தனை பேர் முன்னால் பன்றிக்குட்டி வரைக்கும் வாசித்தேன், முகம் அடுப்பு மாதிரி எரிந்தது. அவர், எங்க வீட்டுக்காரர் தலைக்குத்தான் அது சரி, சீப்பு எடுய்யா சீப்பு எடுய்யான்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வயசாச்சு, கேட்டாரா என்று சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார், பிறகு எல்லாரும் அப்படியே. தம்பி வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டு, கேலி பண்ண உன் ஊருக்கு உரிமை உண்டும்மா, சாவு வீட்டுலகூட உண்டு, ஆனா அதுக்கு ஆள் நேர்ல வரணும், இவ்வளவு நாளா ஏன் வரலைன்னு நாங்கதான் உன் மேல கோபமா இருந்தோம் என்றார். எதிர்க்கடையை அவர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். நூறாம் இரவு விடிந்ததும் கத்திரிக்கோலோடு நான்தான் போக வேண்டும், முதல் தலை தன்னுடையது என்று அந்த அம்மா சொல்லியனுப்பினார்.

அதுவரைக்கும் கடை இப்படித்தான் கிடக்கும். நானும் தினம் திறந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்காருகிறேன். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் வைத்தால் இன்னும் ரெண்டு பேர் அளவுக்கே வந்துவிடுகிறது, மிச்சம் பூனைக்கு, அது கொழுத்துவிட்டது.

இனி ஒன்றே ஒன்று. எனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நீ முதலில் உன் பேரைத்தான் அந்தப் போனில் போட்டாய். ரொம்ப நாள் வராதவர்கள் என்று தட்டினால் எல்லாருக்கும் மேலே நீதான் இருக்கிறாய். அன்றைக்கு உனக்கும் செய்தி வந்ததே, அம்மா, தவறி எனக்கும் அனுப்பிட்டே, என் பேரை எடுத்துடு என்று பதில் போட்டாய். எப்படி எடுப்பது என்று கண்டுபிடித்துவிட்டேன், எடுக்கவில்லை. நேரில் வந்து சொல்ல நடுவில் கடல் கிடக்கிறது, அதனால் இந்தக் காகிதம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கை தொட்ட வேலை நன்றாக நடக்கும். வேறு யாரிடமும் தலையைக் கொடுக்காதே. துலோ சொல்லிவிட்டே கேட்கிறேன், தலை காடாகியிருக்கும், வா.

வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா
அகனிசி