கார்டில் மிச்சமிருந்த சாப்பாடு

என் அன்பு அத்தான்,

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. முன்பென்றால் ஓட்டோவை ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்லி முடித்திருப்பேன். இப்போது பின்சீற்றில் நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் மனைவி, என் அக்கா, இதை வாசிப்பார், இத்தாலியில் இருந்து உங்கள் மகள் நிரோசா வாசிப்பாள். பேசாலையில் உங்களைத் தெரிந்தவர்களும் வாசிக்கட்டும்.

களைப்பாக இருக்கிறது அத்தான். உங்கள் முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் உங்களை ஏற்றிக்கொண்டு மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வராத களைப்பு, ஓட்டம் நின்ற பிறகு வந்து மேலே ஏறியிருக்கிறது. அந்த இரண்டு நாட்களிலும் நான் இன்னும் வேறு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுவதில்லை. ஏன் என்று என் மனைவி ரீற்றா கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை.

என்னை விடுங்கள். அக்காதான் கவலை. உங்கள் சிறுநீரகம் கைவிட்டு, டொக்டர் உப்பை நிறுத்தச் சொன்ன அன்றே அக்கா தன் சாப்பாட்டிலும் உப்பை நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். "ஒரு வீட்டில ரெண்டு கறி வைக்க எனக்கு ஏலாது" என்று சொல்வார். அது சாக்கு என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் போன பிறகும் அந்த வீட்டில் கறி அப்படித்தான் வேகிறது. மரக்கறியை அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றி, அதே சப்புச் சாப்பாடு. அதிலும் இரண்டு வாய்தான். போன ஞாயிறு போனபோது எனக்கும் போட்டுத் தந்தார். விழுங்க முடியவில்லை. அக்கா என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார், நான் அக்காவின் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் போய் வருகிறது.

அன்றுதான் அலுமாரியில் இருந்து அந்தக் கார்டை எடுத்து என் கையில் தந்தார்.

உங்கள் கலியாண நாளுக்கு நிரோசா அனுப்பிய கார்ட். மன்னார் டவுனில், ஏசி போட்ட அந்தப் பெரிய சாப்பாட்டுக் கடையில் அவள் முன்பே கட்டிவிட்ட காசுக்குச் சாப்பிடுவதற்கு. அம்மாவும் அப்பாவும் ஒரு நாளாவது மேசை கதிரையில் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கார்ட் வந்து சேர்ந்தபோது உங்களுக்கு மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்தத் தொடங்கியாகிவிட்டது. "உப்பில்லாமச் சமைக்கிற கடையோ இது?" என்று அக்கா அதைத் துணிக்கு அடியில் வைத்தார். நீங்கள்தான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள்.

மெஷினில் இருந்து இறங்கினால் உங்களுக்குக் கால் நிற்காது. அந்த நிலையில் ஓட்டோவில் ஏற்றி, அந்த வெயிலில் பேசாலை வரைக்கும் கொண்டுபோக எனக்குப் பயம். "டேய் மச்சான், குளிரான இடத்தில கொஞ்ச நேரம் சாயோணும். சும்மா இருக்க விடமாட்டினம். நீ சாப்பிடு, நான் சாயுறன்" என்றீர்கள். அப்படித்தான் தொடங்கியது. ஒரு சோற்றுக் கோப்பை, எனக்கு. சுவரோடு ஒட்டிய கதிரை, உங்களுக்கு. ஒவ்வொரு முறையும் காசு எடுக்கிற பிள்ளை சுகந்தி கார்டைத் தேய்த்து, மிச்சம் எவ்வளவு என்று சொல்லுவாள். நீங்கள் தலையாட்டுவீர்கள். மாதத்தில் ஒன்றிரண்டு தடவைதான் போனோம். நான் சாப்பிட்டதை அக்காவிடம் சொல்லி, கார்டைத் திரும்ப அலுமாரியில் வைப்பீர்கள். மிச்சத்தை நீட்டி வைத்தீர்கள். எதற்காக நீட்டினீர்கள் அத்தான்? இன்னும் எவ்வளவு காலம் வந்து போவோம் என்று கணக்குப் போட்டீர்களா?

"இதில மிச்சக் காசை நிரோசாவிட்டத் திருப்பிக் குடுக்கலாமோ எண்டு கடைக்காரரிட்டக் கேள்" என்றார் அக்கா.

கார்டின் பின்பக்கத்தில் கொழும்பு நம்பர் ஒன்று இருந்தது. மிச்சத்தை அதில் கேட்கலாமாம். எடுத்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பாட்டுப் போட்டது. பிறகு ஒரு பெண் சிங்களத்தில் பேசினாள். என் சிங்களம் உங்களுக்குத் தெரியும்தானே. எங்கே போகிறாய், எங்கேயிருந்து வருகிறாய் என்று வீதிச் சோதனையில் ஆமி கேட்டால் பதில் சொல்கிற அளவுக்குத்தான். அவள் கார்ட் நம்பரைக் கேட்டாள். நான் எனக்குத் தெரிந்த எண்களைச் சொன்னேன். பெயர் கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். அவரிடம் போனைக் கொடுங்கள் என்றாள். அது மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் கடைக்கே போனேன். சுகந்தி கார்டைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இருக்கண்ணா. ரெண்டு பேர் நல்லாச் சாப்பிட்டுப் பார்சலும் கட்டலாம். ஆனா இந்த மாதம் முடியக் கார்டும் முடியுது. காசாத் திருப்பித் தரமாட்டினம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பெரியவர்?" என்றாள். நான் கையை மேலே காட்டினேன். அவள் கார்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.

அதற்குள் நிரோசா இத்தாலியில் இருந்து போன் எடுத்தாள். "மாமா, அம்மா வீடியோவில கன்னமெல்லாம் ஒட்டித் தெரியிறா. நான் கேட்டாச் சாப்பிட்டனான் எண்டுதான் சொல்லுவா. நீங்கள் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ர காசில அம்மா ஒரு வாய் சாப்பிட்டதை நான் பாக்கவேயில்லை." அவள் அழுகிறாளா, அங்கே குளிரில் மூக்கை உறிஞ்சுகிறாளா என்று தெரியவில்லை.

அக்கா வர மறுத்தார். கறுப்பு உடுத்திக்கொண்டு கடையில் இருந்து சாப்பிட்டால் சனம் என்ன சொல்லும் என்றார். முழங்கால் நோகுது என்றார். நான் நியாயம் ஒன்றும் பேசவில்லை. பேசச் சத்தும் இல்லை. வாசற்படியில் இருந்துகொண்டு, "அக்கா, எனக்குக் களைச்சுப் போச்சு. ஒருக்கா வாங்கோ. வந்தா எனக்கு ஒரு வேலை முடியும்" என்றேன். அக்கா உள்ளே போய்ச் சீலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனோம். சோறும் கணவாய் மீன் பிரட்டலும் சொன்னேன். வேறு என்ன சொல்லுவேன்? நீங்கள் எப்போதும் எனக்கென்று கொண்டுவரச் சொன்னது அதுதானே. அக்கா சிலுவை அடையாளம் போட்டு, முதல் வாயை வைத்தார். வைத்தபடியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. காரமாக்கும் என்று நினைத்தேன்.

"இவ்வளவு உப்போ?" என்றார். குரல் கேட்டு அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "இதையோ அந்த மனிசனுக்கு முன்னால வச்சு நீ சாப்பிட்டனீ? உனக்கு எப்பிடி இறங்கினது?"

"அவர்தான் சாப்பிடச் சொன்னவர் அக்கா."

"சொன்னா? அவர் சொன்னா நீ சாப்பிடுவியோ? வாய் ஊறியிருக்குமேடா அவருக்கு!"

நீங்கள் அந்தக் கதிரையில் எப்படி இருந்தீர்கள் என்று சொன்னேன். வேறு என்ன செய்ய? சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாச் சாப்பிடு. என்னமாதிரி இருக்கு எண்டு சொல்லு" என்று கேட்டதைச் சொன்னேன். நான் "நல்லாருக்கு" என்றால், "உது ஒரு பதிலோடா, மெத்தெண்டு இருக்கோ, இழுபடுதோ" என்று கோபித்ததைச் சொன்னேன். ஒரு நாள் என் கோப்பையில் இருந்து ஒரு கணவாய்த் துண்டை எடுத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், நன்றாக மணந்துவிட்டுத் திரும்ப வைத்தீர்களே, அதையும் சொன்னேன். "கொக்காட்டச் சொல்லிப்போடாத" என்று அக்காவுக்குப் பயந்து சொன்னீர்கள். "சாப்பிடேல்லைத்தானே அத்தான், சொன்னா என்ன?" என்று நான் கேட்டேன். "மணந்ததுக்கும் ஏசுவாள்" என்றீர்கள்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. "ஓம், ஏசித்தான் இருப்பன்" என்றார். "நல்லா ஏசியிருப்பன்."

வெறும் சோற்றில் இன்னும் நாலு வாய் தின்றார். கறியைத் தொடவில்லை. நான் தோற்றுப்போனேன் என்றுதான் நினைத்தேன். நிரோசாவுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா கை கழுவிவிட்டு நேராகச் சுகந்தியிடம் போனார்.

"பிள்ளை, உந்தக் கார்டில இன்னும் எவ்வளவு கிடக்கு எண்டு பாருங்கோ."

அவள் தேய்த்துப் பார்த்தாள். "நாலு பார்சலுக்கு வரும் அம்மா."

"அப்ப கட்டித் தாங்கோ. கறியை நல்லா வையுங்கோ."

நாலையும் பையில் போட்ட பிறகும் கார்டில் கொஞ்சம் நின்றது. அதற்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்தது. சுகந்தி மெஷினைப் பார்த்து, "இப்ப ஒண்டுமில்லை அம்மா" என்றாள். கார்டை வைத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று அக்கா தலையாட்டினார்.

"ஆருக்கு அக்கா இவ்வளவும்?" என்று ஓட்டோவில் கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடு. உள்ளுக்க ஆக்கள் மெஷினில கிடக்கேக்க, வெளியில இருக்கிற சனம் பிஸ்கற்றோட நாளைக் கழிக்குதெண்டு அவர்தான் வந்து சொல்லுறவர்."

அப்படிச் சொன்னீர்களா அத்தான்? என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லையே. நானும் வெளியில் அந்த வாங்குப் பலகையில்தான் இரண்டு வருடம் இருந்தேன்.

அதே நாட்களில் மெஷினுக்கு வரும் உங்கள் நாள்காரர் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா மூன்று பார்சலை வரிசையாகக் கொடுத்தார். நாலாவதை வெள்ளாங்குளத்து அம்மாவிடம் நீட்டினார். உங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பாரே, அவருடைய மனிசி. அவ பார்சலை வாங்காமல் என்னைப் பார்த்து, "தம்பி, ஐயாவைக் கனநாளாக் காணேல்லை. வவுனியாவுக்கு மாத்திட்டினமோ?" என்று கேட்டா.

அக்காதான் சொன்னார். "அவர் போயிட்டார் அம்மா. நான் அவற்ர மனிசி. நீங்கள் சாப்பிடுங்கோ."

அந்த அம்மா பார்சலை வாங்கி மடியில் வைத்தா. உள்ளே கதவுப் பக்கம் மட்டும் பார்த்தா. அவ என்ன நினைத்திருப்பா என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து, பார்சலைத் தானே பிரித்தார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்காது. என்ர ஆளுக்கு இருதயமும் ஏலாம இருந்தது. உங்கட ஆளுக்கு அப்பிடியில்லை. சாப்பாடு ஆறுது, சாப்பிடுங்கோ."

"தனியச் சாப்பிட மனம் வரேல்லை அக்கா."

"அப்ப ரெண்டு பேரும் சாப்பிடுவம்."

அத்தான், அக்கா சாப்பிட்டார். அந்த வாங்கில் இருந்து, ஒரே பார்சலில், கணவாயும் குழம்புமாகப் பிசைந்து சாப்பிட்டார். அந்த அம்மா ஒரு வாய், அக்கா ஒரு வாய். உப்பு என்றும் சொல்லவில்லை, காரம் என்றும் சொல்லவில்லை. முடிந்த பிறகு கையை நீட்டினார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன். அண்ணாந்து, மடக்கு மடக்காக, போத்தல் நசுங்கும் வரைக்கும் குடித்தார். உங்களுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்த காலம் முழுவதும், அக்கா அப்படிக் குடித்ததை நான் காணவில்லை. குடித்து முடித்து மூச்சு விட்டபோது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு அந்த அம்மாவின் மனிசன் வெளியே வந்தார். உங்களைப் போலவேதான், முகம் சாம்பல் பூத்து, ஒரு கை சுவரில். வெள்ளாங்குளம் பஸ்சுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருவரும் ஒவ்வொரு முறையும் பஸ் நிலையத்துச் சீமெந்துத் திண்ணையில்தான் இருந்து பஸ் பார்ப்பார்களாம். நான் யோசிக்கவில்லை. "ஏறுங்கோ ஐயா" என்றேன். அக்கா முன்னால் என்னோடு நெருங்கி இருந்துகொண்டார். பஸ் நிலையத்தில் மர நிழலில் நிறுத்தி, பஸ் வரும்வரைக்கும் அவரைப் பின்சீற்றில் சாய்ந்து கிடக்க விட்டோம். குறட்டை விட்டுத் தூங்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில், "செவ்வாய்க்கிழமையும் வருவினம்தானே?" என்று மட்டும் அக்கா கேட்டார். ஓம் என்றேன்.

களைப்புப் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ நிற்கும் அத்தான். இந்த மாதக் காசில் பின்சீற்றை அகலமாக அடிப்பித்து, தலை சாய்க்க ஒரு மெத்தையும் வைப்பிக்கிறேன். அவர் சாயட்டும். அவருக்குப் பிறகு யார் வந்தாலும் சாயட்டும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

உங்கள் மனைவியின் தம்பி,
நீங்கள் மச்சான் என்று கூப்பிட்ட
யூட்