விரல் வைக்காமல் ஏறிய ரயில்

என் அன்பான இஞ்சின்காரருக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரித்துக்கொண்டிருந்தால் "ஏறுச்சா இல்லையா, அத மொதல்ல சொல்லு" என்று குறுக்கே விழுவீர்கள். ஏறிவிட்டது. உங்கள் ரயில் அடிவாரத்திலிருந்து உச்சி ஸ்டேஷன் வரை தானாகவே ஏறிவிட்டது. யாரும் விரல் வைக்கவில்லை.

பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்துக்குப் படத்தோடு நாலு வரி போதும் என்றாள் ஸ்டெல்லா. உங்கள் மகள் எப்போதும் சுருக்கமாகத்தான் பேசுவாள். நாலு வரியில் அடங்குகிற காரியமா இது? நீங்களே சொல்லுங்கள். அதனால் முழுக் கடிதமாகவே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டின் பின்னறையில் ஒரு மலையைக் கட்டி அதில் குட்டி ரயில் விட்டவர். கேமரன் மலைக்கு ரயில் கிடையாது, ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமென்றால் கீழே தாப்பா ரோடு என்கிற ஊருக்கு இறங்க வேண்டும். இல்லாத ரயிலை இவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

காரணம் என்னவோ என் தூக்கம்தான். கல்யாணமான புதிதில் தாப்பா ரோட்டிலிருந்து கோலாலம்பூருக்கு என்னை ரயிலில் கூட்டிப்போனீர்கள். நான் அதற்கு முன்னால் ரயிலைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆனால் மலையிலிருந்து வளைந்து வளைந்து இறங்கிய பஸ்ஸில் வயிற்றைப் புரட்டி எடுத்துவிட்டது. ரயிலில் உட்கார்ந்ததும் தலை சாய்ந்தவள், கோலாலம்பூரில் நீங்கள் எழுப்பித்தான் கண் திறந்தேன். வழியில் வந்த பாலம், ஆறு ஒன்றையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நமக்குள் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். "நீ ரயில்ல தூங்குன பொம்பள" என்று முடித்துவிடுவீர்கள். குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கும் ரயிலில் தூங்கியதற்கும் என்ன சம்பந்தம்? ஒருநாள், சரி, நீ ரயிலுக்குப் போக வேண்டாம், ரயில் உன் வீட்டுக்கு வரும், கண்ணைத் திறந்து பார் என்றீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். மறுவாரம் பின்னறையிலிருந்த என் அரிசி டின் வாசலில் கிடந்தது.

கம்போங் ராஜா தோட்டங்களில் காய்கறி அடுக்குகிற வெள்ளை நுரைப்பெட்டிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. உடைந்தவற்றை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே கோழிவலையைப் போர்த்தி, மாவுப்பசையில் நனைத்த பழைய பேப்பரைச் சுற்றினீர்கள். காய்ந்ததும் மலையாகிவிட்டது. நான் தூங்கித் தவறவிட்ட பாலத்தையும் ஆற்றையும் அதன் அடிவாரத்தில் கட்டினீர்கள். இஞ்சினும் தண்டவாளமும்தான் கடைச்சரக்கு. பெட்டிகளை பிஸ்கட் அட்டையில் வெட்டி, ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, கதவுக்குக் கைப்பிடிகூட வைத்தீர்கள். சரக்குப் பெட்டியில் ஏற்றிய முட்டைக்கோஸ் அத்தனையும் பச்சை பூசிய கடுகு. தாளிக்கக் கடுகைத் தேடிக் களைத்தவளுக்கு அது எங்கே போனது என்று அன்றுதான் தெரிந்தது.

தேயிலைச் செடி விஷயத்தை மறைக்கலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. தேயிலை மலைக்குத் தேயிலைதான் போடவேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். ஸ்பாஞ்சைத் துண்டு துண்டாக நறுக்கி, பசை தடவி, ஃபேக்டரித் தூளில் புரட்டி, நிரை நிரையாக நட்டீர்கள். நட்டு முடித்துப் பார்த்தால் மலை மொத்தமும் கறுப்பு, தீப்பிடித்து எரிந்த காடு மாதிரி நின்றது. வயசெல்லாம் தேயிலை ஃபேக்டரியில் கழித்த மனிதருக்கு, காய்ந்த தேயிலை பச்சையாக இருக்காது என்பது மறந்துபோயிருக்கிறது! நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். நீங்கள் அசரவில்லை. ஒவ்வொரு செடிக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தீர்கள். மூடுபனி உள்ளே நுழைந்து அதில் பூசணம் பிடித்தபோது, துடைத்துவிட்டு மறுபடியும் அடித்தீர்கள்.

எல்லாம் சரியாக வந்தது. ரயில் மட்டும் ஏறவில்லை.

பாலம் தாண்டும், ஆற்றைச் சுற்றும், ஏற்றத்தில் பாதி போகும், நடுமலையில் நீங்கள் வைத்த குட்டி ஃபேக்டரிக்குக் கீழே வந்ததும் சக்கரம் சும்மா சுற்றும். இஞ்சினுக்குள் மீன்பிடிக்கிற ஈயக்குண்டை வைத்துப் பாரம் ஏற்றிப் பார்த்தீர்கள். பெட்டிகளைக் குறைத்துப் பார்த்தீர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து ஊரைக் கூப்பிடுவோம். லயத்துச் சனம், பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பூ விற்கிற சீனத்து அக்கா, மலாய்க்கார டீச்சர் குடும்பம் எல்லோரும் கோழிக்கறியும் தோசையும் சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்கு வருவார்கள். ரயில் ஃபேக்டரிக்குக் கீழே நின்றதும் நீங்கள் சிரித்துக்கொண்டே ஆள்காட்டி விரலால் ஒரு தள்ளு தள்ளுவீர்கள். அது மேலே போகும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

எனக்கு அந்த விரலைப் பிடிக்காது. அவர்கள் பாவம் பார்த்துத் தட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

மணியம் அண்ணன் மட்டும் தட்டமாட்டார். எஸ்டேட் லோரி ஓட்டுகிற உங்கள் உயிர்ச் சிநேகிதருக்கு உங்களைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. "மச்சான், இது தானா மேல ஏறட்டும், நான் மொட்ட அடிச்சிக்கிறேன்லா" என்பார். அந்த வயசிலும் தலை நிறைய முடி, அதற்கு எண்ணெயும் சீப்பும். தைரியமாகத்தான் பந்தயம் கட்டினார்.

பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது ஆள்காட்டி விரலால் போர்வையைத் தள்ளித் தள்ளி விட்டீர்கள். புழுக்கமாக இருக்கிறதாக்கும் என்று நர்ஸ் போர்வையை விலக்கினாள். எதைத் தள்ளினீர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு பின்னறைக் கதவை நான் திறக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியதும், இந்த வருஷம் ரயிலை விடத்தான் வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். விடுவோம்மா, அப்பா மாதிரியே அந்த இடத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடுவோம் என்றாள். தள்ளமாட்டேன் என்றேன். தானாக ஏறினால் விடுவேன், ஏறாவிட்டால் இந்த வருஷம் வாசல் கதவே திறக்காது. எனக்கு எப்படி அவ்வளவு வீம்பு வந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கொழுந்து எடுக்கிற வேலை ஒன்றுதான்.

ஆனால் அந்த வேலைதான் கண்ணைத் திறந்துவிட்டது. இப்போது மலையில் மெஷின் வைத்துத்தான் வெட்டுகிறார்கள். மெஷின் போகாத செங்குத்தில் கையால் எடுக்க எங்களைப் போன்ற பழைய ஆட்கள் சில பேரைத்தான் அனுப்புவார்கள். ஒருநாள் கூடை நிறைந்து மேலே ஏறும்போது என் காலையே பார்த்தேன். பாரத்தோடு நாங்கள் யாரும் நேராக ஏறுவதில்லை. நிரையோடு பக்கவாட்டில் போவோம், முனையில் திரும்புவோம், அடுத்த நிரையில் எதிர்ப்பக்கமாகப் போவோம். நீங்கள் என்ன செய்திருந்தீர்கள்? காலமெல்லாம் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன மனிதர், ரயிலை மூச்சு முட்ட நேரே மேலே ஏற்றியிருந்தீர்கள்.

பாதையைப் பெயர்க்கப் போகிறேன் என்றதும் ஸ்டெல்லா அழுதாள். "அப்பா கையால போட்டதும்மா. அத எடுத்துட்டா அப்புறம் என்னம்மா இருக்கும்?" பெயர்த்தது தவறானால் உங்கள் ரயிலும் போகும், என் மகளின் முகத்திலும் விழிக்க முடியாது. பயந்துகொண்டேதான் முதல் ஆணியை எடுத்தேன். நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்களா?

பாதையைச் சரிவில் சாய்த்துப் போட முடிந்தது. ஆனால் முனையில் திருப்ப முடியவில்லை. அந்தத் தண்டவாளம் பெரிய வட்டமாகத்தான் வளையும், வட்டம் போட்டால் ரயில் மலையை விட்டு வெளியே ஜன்னலுக்குப் போகும். நாலைந்து நாள் முக்கி முனகினேன். மணியம் அண்ணன் வழக்கம்போலச் சீண்ட வந்தவர், நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி திருப்புற? மேல்மலை ரோட்டு மொனையில நான் எங்க லோரிய திருப்புறேன்? மூக்கு போற வரைக்கும் போவேன், அப்புறம் அடுத்த ஏத்தத்துல ரிவர்ஸ்லயே ஏத்திருவேன்லா."

சொல்லி முடித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கை மெதுவாகத் தலைக்குப் போய் முடியைத் தடவியது. "நான் ஒண்ணும் சொல்லல" என்றார். சொல்லியாகிவிட்டது, அண்ணே.

பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார். உங்கள் மொட்டைக்கு நீங்களே வழி செய்கிறீர்களே அண்ணே என்று கேட்டேன், "மச்சான் ரயிலு தங்கச்சி" என்றார். முன்னால் ஒரு ஏற்றம், பின்னால் ஒரு ஏற்றம், மறுபடி முன்னால் ஒரு ஏற்றம் என்று பாதையைப் போட்டோம். தண்டவாளம் பிரிகிற இடத்தில் தடம் மாற்ற, சைக்கிள் கம்பியை வளைத்து ஒரு நெம்புகோல் வைத்து, பலகைக்கு வெளியே நீட்டிவிட்டார். ரிவர்ஸில் போகும்போது உங்கள் அட்டைப்பெட்டிகள் பாரம் போதாமல் தடம் புரண்டன. உங்கள் டூல்பாக்ஸிலிருந்து வாஷர் எடுத்து ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒட்டினேன். நீங்கள் போட்ட பழைய பாதைத் தடத்தை நான் மூடவில்லை. அது இப்போது கொழுந்துக்காரிகளின் ஒற்றையடிப் பாதை. நீங்கள் செய்து வைத்திருந்த கூடைக்காரி பொம்மைகளை அதில் வரிசையாக நிறுத்தினோம். அவற்றை ஒட்டியது ஸ்டெல்லாதான். ஒட்டும்போது அவள் அழவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கதவைத் திறந்தோம். பின்னறையில் நிற்க இடமில்லை. ரயிலை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டியில் நான், நெம்புகோலில் மணியம் அண்ணன். எங்கள் கையில் தனியாகப் பலமுறை ஓடியதுதான், ஆனாலும் தண்டவாளத்தை இன்னொரு தடவை துடைத்தேன். வெளியே மூடுபனி வேறு.

ரயில் பாலம் தாண்டியது. ஆற்றைச் சுற்றியது. முதல் ஏற்றத்தில் ஏறி முனையில் நின்றது. ஐயோ என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் கம்பியை இழுத்தார், ரயில் பின்னாலேயே ஏற ஆரம்பித்தது. எல்லோரும் தலையை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஃபேக்டரிக்குக் கீழே வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுக்க என் கையைப் பார்த்தது. இத்தனை கிறிஸ்துமஸ் பழக்கம், விரல் வரும் என்று காத்திருந்தார்கள். நான் ஒரு கையைக் கன்ட்ரோலரில் வைத்து, மறு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ரயில் அந்த இடத்தைத் தாண்டியது. அடுத்த முனையில் நின்றது, கம்பி மாறியது, கடைசி ஏற்றத்தில் மூக்கை முன்னால் வைத்து நிதானமாக ஏறி, உச்சி ஸ்டேஷனில் போய் நின்றது. அப்புறம் தட்டினார்கள் பாருங்கள், அந்தச் சத்தத்தில் உங்கள் தேயிலைச் செடி ஒன்று கழன்று விழுந்தது. அது பாவம் பார்த்துத் தட்டின கை இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. நம் கல்யாணத்தன்றுகூட நான் அப்படித் தலை நிமிர்ந்து நின்றதில்லை.

ஸ்டெல்லா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா ரயிலும்மா, அப்படியே இருக்கு" என்றாள். பாதையைப் பெயர்க்குமுன் அவள் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிவிட்டாள்.

மணியம் அண்ணனை யாரும் வற்புறுத்தவில்லை. விளையாட்டுப் பேச்சு, விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். மறுநாள் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு வந்தார். பின்னறைக்குள் போய், மலைக்கு முன்னால் நின்று, குல்லாவைக் கழற்றினார். பளபளவென்று மொட்டை, இந்தக் குளிரில். "மச்சான்கிட்ட எழுதிரு தங்கச்சி, ஏறிருச்சின்னு. மணியம் வாக்கு மாறலைன்னும் எழுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், கண் மட்டும் கலங்கியிருந்தது. எழுதிவிட்டேன், அண்ணே.

என் வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. மூடுபனி எத்தனை வந்தாலும் தண்டவாளத்தைத் துடைத்து வைப்பேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கதவைத் திறந்து உங்கள் ரயிலை விடுவேன். எங்கேயாவது நின்றால் ஏன் நின்றது என்று உட்கார்ந்து பார்ப்பேன், விரல் மட்டும் வைக்கமாட்டேன்.

நீங்களும் ஒரு வாக்குத் தர வேண்டும். அடிவாரத்திலிருந்து உச்சி வரை நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பாலத்தைப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்தேன். இனிமேல் என்னை ரயிலில் தூங்கின பொம்பளை என்று சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
முழு வழியும் விழித்திருந்த உங்கள் வீட்டுக்காரி,
ஸ்டெல்லாவின் அம்மா,
அந்தோணியம்மா