ஈரத் திடலில் நில்லாத ஊர்தி குறித்து வேள் வெட்சிக்கோனார்க்கு

நலம் பெருகுக. வான்கரை நாடாளும் அரசியார் முகில்நங்கையாரின் திருவுளப்படி, பேரமைச்சன் கோடன் நன்மருதன் விடுக்கும் ஓலை. நான்கு கணவாய்க்கு உரியவரும், ஊர்திப்படையின் ஏவலாசிரியருமாகிய கோடைமலை வேள் வெட்சிக்கோனார் காண்க. உம் கோட்டை உயர்க. உம் ஆநிரை பல்குக. உம் மலையில் இவ்வாண்டேனும் மழை பொழிக.

வானூர்தியினுள் இருந்து வலவர்க்குத் துணைசெய்யும் அறிபொறி, எழுதித் தந்த ஏவலையன்றி வேறெதுவும் அறியாதது என்பதை நீர் அறிவீர். அவ்வேவல்களை எழுதியவர் நீர்தாமே. சக்கரம் சுழன்றாலன்றி ஊர்தி தரை சேர்ந்ததாகக் கொள்ளற்க, தரை சேராமுன் விரைவு தணிக்கும் தடைச்சிறகை விரிக்கற்க என்று எழுதினீர். நடுவானில் எவரேனும் கைதவறித் தடைக்கோலை இழுத்தால் ஊர்தி வீழுமே என்னும் அச்சத்தால் எழுதியது, அவ்வச்சம் நன்றே. ஊர்தி செலுத்தும் வலவர் செங்காவியார் என்னும் நங்கை, ஈரத் தரையில் இறங்கினால் என்னாகும் என்று அன்றே உம்மை வினவினாராம். கோடைமலையில் மழை அரசாணை பெற்றே வரும் என்று நீர் நகைத்தீராம். தலைநகர் மழைக்கு அவ்வொழுக்கம் இன்னும் கைவரவில்லை.

ஐப்பசி பதினோராம் நாள், மருத்துவர் அறுவரை ஏற்றிக்கொண்டு செங்காவியார் தலைநகர்த் திடலில் இறங்கினார். திடலெங்கும் நீர் தேங்கியிருந்தது. சக்கரங்கள் சுழலாமல் நீரின்மேல் வழுக்கின. ஆதலின் பொறி தான் இன்னும் வானில் இருப்பதாகவே கருதியது. அவர் இரு கையாலும் தடைக்கோலை இழுத்தும் சிறகை விரிக்கப் பொறி இசையவில்லை. ஊர்தி திடலைக் கடந்து, அரசியாரின் மல்லிகைத் தோட்டத்தை உழுது, யானைகள் நீராடும் குளத்தில் மார்பளவு நீரில் போய் நின்றது. யானைகள் பெருந்தன்மையோடு இடம் விட்டன. அறுவரும் பிழைத்தனர், வலவரின் இடக்கை முறிந்தது.

பிழை வலவருடையதே என்றனர் அவையோர். கட்டிட்ட கையோடு அவர் எழுந்தார். "தரையிலதான் போறோம்னு எனக்குத் தெரிஞ்சுது ஐயா. அதைப் பொறிக்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் வைக்கலையே" என்றார். யான் தலை கவிழ்ந்தேன். மழைநாளை எண்ணாமல் உம் ஏவலுக்கு இலச்சினை இட்டவன் யானே.

பின்னர் உம் ஓலை வந்தது. பொறி உம் சொல்லினின்று எள்ளளவும் பிறழவில்லை, ஆகவே உம்மேல் பிழையில்லை என்று எழுதியிருந்தீர். அது பிறழவில்லை என்பதே, வேளே, எம் துயரம்.

இனி அரசியாரின் ஆணை. செங்காவியார் குற்றமற்றவர், அவர் பதவி அவர்க்கே. நீர் மூன்று நாளில் புறப்பட்டு வந்து அவர் எதிரே அமர்ந்து, சக்கரம் சுழலாவிடினும் ஊர்தியின் பாரம் ஊன்றியதைக் கொண்டு பொறி தரையை அறியுமாறு ஏவலைப் புதிதாக எழுதுக. அதை எங்ஙனம் சோதிப்பது என்பதையும் அருகிலேயே எழுதுக. 'தக்கவாறு', 'போதிய அளவு' என்னும் சொற்களை மலையிலேயே விட்டு வருக. கார்த்திகை மழையில், மணல்மூட்டை ஏற்றிய ஆளில்லா ஊர்தியைச் சரிவிலிருந்து ஈரத் திடலில் மும்முறை ஓடவிட்டு, தடைக்கோலில் கட்டிய நெடுங்கயிற்றை இழுப்போம். மும்முறையும் நின்றால், மூட்டைகளை இறக்கிவிட்டு நீரும் யானும் ஏறிப் பறந்து இறங்குவோம். அதற்குள் வலவரின் கை கூடிவிடும் என்கின்றனர் மருத்துவர். செலுத்த அவரும் இசைந்துள்ளார். உமக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்டு எழுதச் சொன்னார்.

மீன்கொத்தி இலச்சினை இட்டேன். ஆணைவழி நடக்க. விடையை ஓலை கொணர்ந்தவரிடமே சொல்லியனுப்புக.