உனக்காக நான் போன டாக்டர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று தெரிந்துகொண்டே அங்கே சுகமா என்று கேட்கக் கை வரவில்லை. போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். மாடிவீட்டு அக்கா முந்திக்கொள்வதற்குள் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தொடப்போகும் உன் அம்மாவுக்குப் போன வாரம் கர்ப்பப் பரிசோதனை நடந்தது.

சிரிக்காதே. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, தூக்கமில்லை, எல்லாம் வேலை டென்ஷன்தான், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய் அல்லவா? உன் பெயரைச் சொல்லாமல் மருந்து வாங்க வேறு வழி தெரியவில்லை. லேடி டாக்டரிடம் போய், அத்தனையும் எனக்குத்தான் என்று ஒப்பித்தேன். மாத்திரை எழுதித் தருவார், உனக்குப் பார்சல் போட்டுவிடலாம் என்று நினைப்பு. அவரோ ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து பாத்ரூம் பக்கம் கைகாட்டினார். டப்பாவும் கையுமாக வெளியே வந்தால் எதிரே மாடிவீட்டு அக்கா! நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு, ஏண்டி நெசமாவா என்று உன் அப்பா கேட்ட குரலில் முக்கால் பயம், கால் பெருமை.

அதை விடு. ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், உனக்கு மருந்து கிடைக்காதே என்று நான் அழுதுவிட்டேன். ஏமாற்றமாக்கும் என்று அந்தம்மா தோளைத் தட்டினார். அப்புறம்தான் உண்மையைக் கொட்டினேன். உங்க உடம்பப் பாத்து உங்க பொண்ணுக்கு எப்படிம்மா வைத்தியம் பண்றது, டென்ஷனாலயும் நிக்கலாம், தைராய்டாவும் இருக்கலாம், அவ ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும், நாளக் கடத்த வேணாம்னு சொல்லுங்க என்றார். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று தைக்க வந்த ஒரு பள்ளிச் சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்திருக்கிறேன். ஆபீஸைக் காரணம் சொல்லி, அங்கே டாக்டரிடம் வாங்கின நேரத்தை இரண்டு தடவை தள்ளிவிட்டாய். உன் கால் இங்கிருந்து எட்டினால் பிடித்துக் கெஞ்சுவேன், இந்தத் தடவை போய்விடு கண்ணே. படுக்கும்போது போனை அடுத்த அறையில் வை. மேனேஜர் கத்தினால் உள்ளேயே வைத்துப் புழுங்காதே, குளிக்கும்போதாவது அவரை வாய்விட்டுத் திட்டு.

என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்கணும். வியாழக்கிழமை டாக்டர், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கர்ப்பமில்லாத உன் அம்மா

பி.கு.: அந்த டாக்டர் எனக்கும் பிரஷர் பார்த்தார். முகம் மாறி, நாளைக்கே வந்துடுங்க என்றார். யூனிஃபார்ம் ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது, இன்னும் போகவில்லை.