ஆறாத தகடு

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று நம் பட்டறைத் தகட்டை வாங்க வந்த வெளியாட்கள் முன்னால் முதலாளியின் காலடியில் விழுந்தேன். பக்தியில் இல்லை, அவர் கையிலேயே இரண்டாகப் பிரிந்த தகட்டைப் பிடிக்கப் போய்த்தான்.

நுரைபோல் ஓட்டை நிறைந்த அலுமினியத்துக்குள் பிளாஸ்டிக் உருகி இறங்கினால் மட்டும் இரண்டும் ஒட்டிவிடாது, ஆறும்வரை மெஷினின் அழுத்தத்தை எடுக்காதே என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். நான்தான் எடுத்தேன். என் டீ ஆறிவிடுமே என்ற கவலை.

“எவன் செஞ்ச வேலைய்யா இது?” என்று அவர் கத்தியதும் பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. “தங்கச்சிதான் சார் மெஷினப் பாத்துக்கிச்சு.”

அங்கேயே உன் வேலை போயிற்று. “நல்லா இருண்ணே,” என்றாய். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

நாளைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன், சத்தியம்.

வெட்கங்கெட்ட
உன் அண்ணன்

பி.கு.: உன் சூப்பர்வைசர் பொறுப்பை இன்று காலை எனக்குக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.