மாத்திரையும் சேர்த்து ஒரு சத்தியம்

என் கண்ணே மாதேசு,

உனக்கு அந்த மாத்திரையை விற்றவன் ஜாமீனில் வந்துவிட்டான். நேற்று சூளகிரி பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்திலேயே வந்து நின்று, "என்னக்கா, நல்லா கீறீங்களா?" என்று விசாரிக்கிறான்.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். "அது வலி மாத்திரைம்மா. கஞ்சா மாதிரி போதைச் சட்டத்துல வராது. டாக்டர் சீட்டு இல்லாம வித்தான்னு சின்ன கேசுதான் போட முடியும்" என்றார் இன்ஸ்பெக்டர். உன் உயிர் சின்ன கேசாம், தம்பி!

நீயும் இதே மாதிரிதான் பேசினாய், நினைவிருக்கிறதா? குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கி முனியப்பன் கோயிலில் உனக்குக் கயிறு கட்டினோம். அதன் பிறகு உன்மேல் சாராய வாடையே இல்லை. ஓசூர் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்தாய். அம்மா பூரித்துப்போய்ப் பொங்கல் வைத்தாள். உன் கையில் மாத்திரையைக் கரைத்துப் போட்டுக்கொண்ட ஊசித் தழும்பைப் பார்த்து நான் கத்தியபோது, "சாமி சத்தியமா சரக்கு தொடலக்கா. மாத்திரையப் பத்தி சத்தியத்துல சொல்லவே இல்லியே" என்றாய். சத்தியத்தை மீறாமலேயே செத்துப்போனாய்.

உன் காரியம் முடிந்ததும் பூசாரி என்ன செய்தார் தெரியுமா? இப்போது கயிறு கட்ட வருகிறவர்களை, "சரக்கு, கஞ்சா, மாத்திரை, ஊசி எதையும் தொட மாட்டேன்" என்று சொல்லவைத்துத்தான் முடிச்சுப் போடுகிறார். அவரால் முடிந்தது, கோட்டையில் உட்கார்ந்திருப்பவர்களால் ஏன் முடியவில்லை?

துக்கம் கேட்க வந்த எம்.எல்.ஏ.விடமே கேட்டேன். "அது டெல்லி போட வேண்டிய சட்டம்மா" என்றார். டெல்லிக்கு ஒரு தீர்மானம் போட்டு அனுப்பக்கூடவா கை வராது? ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா. அங்கே கேட்டால் இங்கே கை காட்டுகிறார்கள், இங்கே கேட்டால் அங்கே. மாத்திரை மட்டும் எவனையும் கேட்காமல் வந்து போகிறது. இரண்டு சட்டசபையும் கலந்து பேசினால் குடியா முழுகிவிடும்?

நம் தெருப் பெண்கள் பஸ் பேசிவிட்டோம். சட்டசபை கூடும் நாளில் உன் போட்டோவோடு சென்னையில் நிற்போம். சீட்டில்லாமல் இதை விற்பவனுக்குக் கஞ்சா விற்பவனுக்குள்ள தண்டனை வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை திரும்பத் திரும்பப் போவோம்.

நீ இருந்தால், "வுடுக்கா, ஊரு சிரிக்கும்" என்பாய். சிரிக்கட்டும். விடமாட்டேன்டா.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா,
ருக்கு