சகலையின் காட்டுப்பூ நிலம்

மார்ச் 3

கல்லூரியிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிலம் முழுக்கக் கறுப்பு. சகலை பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொண்டிருந்தான். காற்றில் பறக்காமல் இருக்க ஓரமெல்லாம் பழைய டயர்கள். டயர் கடைக்காரனுக்குப் பாரத்துக்கா பஞ்சம்?

மாமனார் தன் இரண்டு பெண்களுக்கும் அடுத்தடுத்து வீடும் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலமும் எழுதிவைத்துவிட்டுப் போனார். மூத்தவளைக் கட்டிய நான் தாவரவியல் முனைவர். இளையவளைக் கட்டிய இவன் பத்தாவதோடு நிறுத்தியவன். வேலி போட்டவர் சுவராகவே கட்டியிருக்கலாம்.

என்னப்பா, நிலத்துக்குக் குளிருதா என்று கேட்டேன். சிரித்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பான்.

"காட்டுப்பூ போடப்போறேண்ணே. ஒரு தடவ வேர் பிடிச்சா வருஷா வருஷம் தானா வருமாமே. தேனீ, வண்டெல்லாம் வரும். பூசணி பூத்துப் பூத்துக் கொட்டுது, ஒரு காய் நிக்க மாட்டேங்குது பாருங்க."

தானா வருமாமே. யார் சொன்ன 'மாமே' அது? எத்தனை வருஷமாக என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லிவருவது! ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து தின்றுகொண்டே கேட்டிருக்கிறான். என் இலையிலிருந்து எடுத்து என் எதிரிலேயே சாப்பிடுகிறான்.

மார்ச் 4

மனைவியிடம் சொன்னேன், என் யோசனையைத் திருடிவிட்டான் என்று. கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க செய்யல. அவராவது செய்யட்டுமே."

மார்ச் 12

நானும் போடுகிறேன்.

தாளை விரித்துவிட்டுக் கோடை முழுக்கக் காத்திருக்கிறானாம், களை வெந்து சாகட்டும் என்று. காத்திருக்கட்டும். டிராக்டருக்குச் சொல்லிவிட்டேன். ஆழமாக இரண்டு உழவு, ஒரு லாரி மாட்டெரு. முதல் மழைக்கு விதைத்தால், அவன் தாளைச் சுருட்டுவதற்குள் என் பக்கம் பச்சையாகிவிடும்.

எரு இறங்கும்போது அவள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி. கேட்கவில்லை.

ஏப்ரல் 20

துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. என்னிடம் பாடம் படித்தவள் இன்று அதில் உட்கார்ந்து, என் விடுப்பு விண்ணப்பத்தில் 'ஏன்?' என்று எழுதுகிறாள். வகுப்பில் பையன்கள் கைபேசிக்குள் இருக்கிறார்கள். நான் பேசினால் கேட்க இந்த உலகத்தில் மிச்சமிருப்பவள் ஒருத்திதான். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே 'ம்' போடுகிறவள்.

அவளும் இப்போதெல்லாம் மாலையானால் வேலியோரம் நிற்கிறாள்.

ஜூன் 9

மழை. விதைத்துவிட்டேன். துத்தி, கொழுஞ்சி, விஷ்ணுகிரந்தி, இன்னும் பல. காடுமேடெல்லாம் அலைந்து நானே சேர்த்த விதை. அவனும் தாளைச் சுருட்டிவிட்டு விதைத்துவிட்டான், எங்கேயோ விலைக்கு வாங்கிய விதை.

ஜூன் 21

என் பக்கம் பச்சைக் கம்பளம்! அவன் பக்கம் வழுக்கைத் தலை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். அந்தத் 'தான்' எதற்கு?

ஜூலை 18

கம்பளமாவது மண்ணாவது. கோரை. உழவுக்கத்தி ஒவ்வொரு கிழங்கையும் நறுக்கி நிலம் முழுக்க நட்டுக்கொடுத்திருக்கிறது. எரு அதற்கு விருந்து. கோரைக்கு மேலே பார்த்தீனியம், இடுப்புயரம். நான் போட்ட விதை எங்கே போனது? விலக்கி விலக்கித் தேடினேன். ஒரே ஒரு துத்தி, வெளுத்துப்போய், வெளிச்சத்துக்கு ஏங்கி நூலாக நீண்டு நிற்கிறது.

அவன் பக்கம் தரையோடு தரையாகச் சின்னச் சின்ன இலைவட்டங்கள். பூவென்று ஒன்றுமில்லை. நல்லது.

ஆகஸ்ட் 2

இன்று வேடிக்கை. சகலை வெட்டுயந்திரத்தை எடுத்துத் தன் செடிகளை, ஆமாம், தன் செடிகளையே, வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தேன். மனசாரச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

சிரிப்பு நின்றது. என் மனைவி அவன் நிலத்துக்குள் நின்று கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவ்வளவு தாழ்த்தாதீங்க தம்பி. கணுக்காலுக்கு மேல நிக்கட்டும்." அவனும் 'சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி' என்று பிளேடை உயர்த்துகிறான்.

ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டேன். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? எதைப் படித்தாய்?

"எதப் படிச்சேன்? நீங்க சொன்னதுதான். மண்ணப் புரட்டாத, எரு போடாத, காட்டுச்செடிக்கு ஏழை மண்ணுதான் பிடிக்கும். களைய மூடிப்போட்டுக் கொல்லு. முத வருஷம் பூவுக்கு ஆசைப்படாத, வெட்டிவிடு, வேரு இறங்கட்டும். வருஷக்கணக்கா இதே மேசையில சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். அவரு எப்படின்னு கேட்டாரு, சொன்னேன்."

ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. அப்படியானால் நான் ஏன் உழுதேன்? எதற்கு அந்த ஒரு லாரி எரு? அவனை முந்தவேண்டும் என்ற ஒன்றைத் தவிர அன்றைக்கு என் தலையில் வேறு எதுவும் இருக்கவில்லையா?

என்கிட்ட ஏன் சொல்லலை என்று கத்தினேன். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கணுமா?"

நவம்பர் 15

எழுத ஒன்றுமில்லை. கோரை.

ஜூலை 6

பூத்துவிட்டது. இரண்டாம் வருஷம் பூக்கும் என்று நான் சொன்னபடியே, சொன்ன மாதத்திலேயே. மஞ்சள், நீலம், வெள்ளை. ஒன்று அடங்கினால் இன்னொன்று எழும்புகிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் ரீங்காரம் காதுக்குள் வருகிறது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினாலும் கேட்கிறது.

மைத்துனி பூசணி கொண்டுவந்து கொடுத்தாள். "முதக் காய் உங்களுக்குத்தான் மாமா. அவர் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

என் மனைவி சமைத்தாள். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு அடுக்களையில் நின்றுகொண்டே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

ஜூலை 24

இதற்கு மேல் என்ன வரவேண்டும்? துறைத்தலைவி மாணவர்களை ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்கு. தலைவலி என்று சொல்லி மாடியில் இருந்தேன். திரைச்சீலைக்குப் பின்னால்.

சகலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றிக்காட்டினான். பெயரெல்லாம் தப்புத்தப்பாகச் சொன்னான். திருத்த வேண்டும்போல நாக்குத் துடித்தது. பிறகு கையை உயர்த்தி நேராக என் ஜன்னலைக் காட்டினான்.

"இதுல என்னுது ஒண்ணுமில்லம்மா. எல்லாம் எங்கண்ணன் வாயிலருந்து வந்தது. நான் வெறும் கூலி."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம், தவிர்க்க முடியாமல், எல்லோருடைய கண்ணும் கீழே என் பார்த்தீனியக் காட்டின்மேல் இறங்கிற்று. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பெருமையடித்திருந்தால் தாங்கியிருப்பேன். பெருந்தன்மையும் இவனுக்குத்தான் வரவேண்டுமா?

ஜூலை 29

களைக்கொல்லி வாங்கிவந்தேன். என் நிலம், என் களை.

ஜூலை 30

அடித்தேன். காற்று இருந்தது. எந்தப் பக்கம் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆகஸ்ட் 7

வேலியை ஒட்டி அவன் பக்கம் நீளமாக ஒரு பட்டை கருகிக்கிடக்கிறது.

சாயங்காலம் வந்தான். கையில் கருகிய கிளை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று தூக்கிவருவதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தான். "என்ன நோய்ணே இது? நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இலையைத் திருப்பிப் பார்த்தேன். விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். முனைவர் பட்டம் வாங்கியவன் செய்யவேண்டிய அத்தனையும் செய்துவிட்டு, "பூஞ்சை," என்றேன்.

தலையாட்டினான். கிளையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். தேங்க்ஸ்ணே என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 8

"பூஞ்சைன்னு சொன்னீங்களாமே."

அவ்வளவுதான் கேட்டாள். நான் ஆமாம் என்றேன். மருந்து அடித்த அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையைத் துவைத்தவள் அவள். அந்த நாற்றம் மூன்று அலசலுக்குப் போகாது.

ஆகஸ்ட் 19

சண்டை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், வேளைக்கு எல்லாம் வைக்கிறாள். ஆனால் நான் உட்காரும் முன்பே சாப்பிட்டுவிடுகிறாள். இன்று பாசி எப்படிப் பாறையை மண்ணாக்கும் என்று ஏதோ ஆரம்பித்தேன். எதிரே நாற்காலி காலி. கூடத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், காதில் விழும் தூரம்தான். 'ம்' வரவில்லை.

பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 20

என் நிலத்தில் நான் மருந்து அடிக்கக்கூடாதா? காற்று என்ன என் கையிலா இருக்கு? வேலிக்கிட்ட அவன் ஏன் அவ்வளவு நெருக்கமாப் போட்டான்? எதுக்கு அவளே போய்ப் போய்... போதும். யாரிடம் வாதாடுகிறேன் நான்?

ஆகஸ்ட் 23

அவனுடைய டயர் கடைக்குப் போனேன். வாழ்நாளில் முதல்முறை என்று நினைக்கிறேன். ரப்பர் வாசனை, கம்ப்ரசர் இரைச்சல். சகலை ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் போகிறவரை காத்திருந்து, பூஞ்சை இல்லை, நான் அடித்த மருந்து என்றேன். காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தே அடித்தேன் என்றும் சொன்னேன். அதையும் சொல்லவேண்டும் என்று திட்டமிட்டுப் போகவில்லை, வந்துவிட்டது.

"தெரியும்ணே. காத்து விக்கிறவன் நான், அது எந்தப் பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

சிரித்தான். ஆனால் எப்போதும் சிரிக்கிற சிரிப்பு இல்லை.

தெரிந்துகொண்டே ஏன் வந்து கேட்டாய் என்றேன். துணியில் கையை வெகுநேரம் துடைத்தான்.

"மொதல்ல அண்ணிகிட்டத்தான் போனேன். சண்டைக்குத்தான் போனேன், பொய் சொல்லல. 'சண்டையெல்லாம் வேணாம் தம்பி, அவரயே போய்க் கேளுங்க. அவரு என்ன வேணா செய்வாரு, செடியப் பத்தி மட்டும் பொய் சொல்ல மாட்டாரு'ன்னாங்க. அதான் வந்தேன்."

நடந்தே வீடு திரும்பினேன். பேருந்தில் ஏற மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 24

மைத்துனி காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தான் இருக்கவேண்டும்.

மதியம் அவள் என் தட்டை வைத்தாள். கரண்டியை வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்து எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தட்டு இல்லாமல் வெறுமே.

"கோரையை மூடிப்போட்டுச் சாகடிக்க ஒரு கோடை போதுமா?"

போதாது என்றேன். கிழங்கு ஆழத்தில் இருக்கும், இரண்டு கோடை கூட ஆகலாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 14

அவன் பக்கம் கருகிய பட்டையில் புதுமண் எதுவும் போடாமல், கருகியதை மட்டும் கையால் அகற்றிக்கொடுத்தேன். 'விடுங்கண்ணே' என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போகாததில் எனக்கு ஓர் ஆறுதல். மனிதன்தான்.

ஜூன் 11

என் நிலத்தில் தாள் இரண்டு கோடை கிடந்தது. நேற்று மழை. இன்று விதைத்தோம்.

விதையை மணலோடு கலந்து தூவிவிட்டு மூடக்கூடாது, காலால் மிதித்து மண்ணோடு ஒட்டவைக்கவேண்டும். நான்கு பேரும் வரிசையாக நின்று, ஓர் ஓரத்திலிருந்து அடியடியாக மிதித்துப் போனோம். சகலை யானை மாதிரி மிதித்தான். "மெதுவா மிதி, நெல்லா குத்துற?" என்று அதட்டினேன். மைத்துனி சிரித்துச் சிரித்து வரிசையைக் கெடுத்தாள். அவன் பக்கத்தில் நாலாம் வருஷத்துச் செடிகள் தோளுயரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. என் பக்கம் இந்த வருஷம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருஷமும் அவனுடையதுதான் அழகாக இருக்கும். அதற்கடுத்த வருஷம் பார்க்கலாம்.

விஷ்ணுகிரந்தியை ஏன் ஓரத்தில் தூவினோம் என்று சகலை கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவியே சொல்லிவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

வரிசையில் அவள் எனக்கும் தன் தங்கைக்கும் நடுவில் நடந்தாள். சகலை கடைசியில், அவளை விட்டுத் தள்ளி. இதையும் கவனித்து எழுதுகிறேன், பார்.